வைக்கோல் போரிலிருந்து பார்த்த விமானத் திடல்

“ஒரு இடம் காணாமப் போயிட்டா யாருகிட்டப் போயி பிராது குடுக்கிறது, தம்பி?” என்று நெய்னா முகம்மது என்னிடம் கேட்டார். ஆடு காணாமல் போனால் எங்கே போவது என்று தெரியும். விமானம் இறங்கும் இடம் காணாமல் போனால்?

நெய்னா முகம்மது காரைக்கால் கடைத்தெருவில் குடை பழுது பார்ப்பவர். உடைந்த கம்பியை மாற்றுவார், கிழிந்த துணியை ஒட்டுப் போடுவார், கைப்பிடி போனால் பூவரசங்கட்டையில் செய்து கொடுப்பார். வாய் மட்டும் கைக்கு முன்னால் ஓடும். ஊரில் அவரை யாரும் குடைக்கார நெய்னா என்று சொல்வதில்லை. ஏரோப்பிளேன் நெய்னா என்றுதான் சொல்வார்கள்.

காரணம் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில், அவர் சிறுவனாக இருந்தபோது, சுரக்குடிப் பக்கத்துத் திடலில் ஒரு சின்ன விமானம் இறங்கியதாம். வாப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். தோல் குல்லாய் போட்ட துரை அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தாராம். இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் குடையைத் திரும்பப் பெற முடியாது. ஒரே கம்பி முறிந்திருந்தால் கதை சுருக்கமாக வரும். நாலு கம்பி முறிந்திருந்தால் துரை வீட்டு நாய் வரைக்கும் வரும்.

சாட்சி சொல்ல ஆள் இல்லை. வாப்பா இறந்துவிட்டார். உடன் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைப்புத் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார்கள். திடலும் இல்லை. சுரக்குடியில் எங்கே பார்த்தாலும் வயல்தான்.

இந்தக் கதையால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம் கழித்து, அவருடைய தங்கை அமீர் நிஷாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. தலத்தெரு நெல் வியாபாரி ஜெகபர் சாதிக்கின் மகன். பையனுக்குப் பிடித்திருந்தது. அமீர் நிஷாவுக்கும் பிடித்திருந்தது என்பதை, அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திவிடுவதிலிருந்து தெரிந்துகொண்டோம். ஜெகபர் சாதிக்தான் இழுத்தார்.

“பொண்ணு தங்கம். அதுல பேச்சே இல்ல. ஆனா நம்ம வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல வந்துதான இருக்கணும்? எம்மவன் தினம் ராத்திரி சோறு திங்கிறப்ப எதிர்ல நீங்க உக்காந்துகிட்டு ஏரோப்பிளேன் வுடுவீங்க. ஒரு வருஷத்துல அவனும் புளுக ஆரம்பிச்சுடுவான். நெல் யாவாரத்துல அது ஆகாதுங்க.”

“அது புளுகு இல்லங்க.”

“அப்ப எடத்தைக் காட்டுங்க. அறுவடை முடியறதுக்குள்ள காட்டுனா மறுநாளே பரிசம் பேசலாம். இல்லாட்டி நாகூர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கோம்.”

அன்று மாலைதான் நெய்னா முகம்மது என்னிடம் அந்தப் பிராதுக் கேள்வியைக் கேட்டார்.

பதில் ஒரு குடைச்சட்டத்துக்குள் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, வாசலில் குடை செருகி வைக்கும் பித்தளைச் சட்டம் ஒன்றை நெய்னா முகம்மது வாங்கியிருந்தார். அதன் அடியில் துணியில் ஒட்டிய ஒரு வரைபடம் சுருண்டு கிடந்தது. துணி கெட்டியாக இருந்ததால் வெட்டி ஒட்டுப் போட எடுத்து வைத்திருந்தார். கத்தரியை வைக்கும் நேரத்தில் நான் போய் நின்றேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து முடித்து, வேலை கிடைக்காமல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பள்ளிக்கூடம் உதவிய முதல் நாள் அது. அது விமானம் ஓட்டுகிறவர்களுக்காகப் போட்ட பழைய படம். காரைக்காலுக்கு மேற்கே ஒரு சின்ன வட்டம். பக்கத்தில், அவசரத்துக்கு இறங்கும் திடல் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

நெய்னா முகம்மது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்துக் குலுக்கினார்.

படத்தில் தூரம் அளக்க எங்களிடம் கருவி இல்லை. அவர் ஒரு குடைக்கம்பியை எடுத்தார். நடுவில் மடங்கும் கம்பி. ஒரு முனையைத் திருநள்ளாற்றில் ஊன்றி, மறுமுனையை வட்டத்தில் வைத்து, அப்படியே படத்தின் ஓரத்து அளவுகோலுக்குக் கொண்டுபோனார். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் படம் சின்னது. ஒரு நெல்மணியை அதன்மேல் வைத்தால் சுரக்குடி முழுவதும் மறைந்துவிடும்.

சைக்கிளில் கிளம்பினோம். அவர் மிதிக்க, நான் பின்னால் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேன். காற்று அடித்தபோது அது கப்பல் பாய் மாதிரி விரிந்து எங்களை வாய்க்காலில் இறக்கியது.

“எறங்கிடுச்சு தம்பி!” என்றார், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு.

சுரக்குடியில் கருப்பையன் என்ற குத்தகைக்காரரின் வயலருகே போய் விசாரித்தோம்.

“ஏரோப்பிளேனா? இங்க நாரை எறங்கும், மடையான் எறங்கும். கோயில் காளை எறங்குனா பயிரு போச்சு. வேற எதுவும் நான் வந்ததுலேருந்து எறங்குனதில்லைங்க.”

அவர் அங்கே வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. பயிர் நின்ற வயல்களுக்கு நடுவே ஒரு பழைய வட்டமான களம் இருந்தது. மேலே மண்ணும் காய்ந்த சாணமும் புல்லுமாகக் கிடந்தது. ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு அதில் உட்கார்ந்து, அமீர் நிஷா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். களத்தில் உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் பார்த்து, திடல் எங்கேயும் இல்லை என்று முடிவு செய்தோம். பிறகும் பல நாள் போனோம். நெரவி வரைக்கும் தேடினோம். வட்டம் மட்டும் படத்தை விட்டு இறங்கவில்லை.

தை பிறந்தது. அறுவடை பாதிக்கு மேல் முடிந்தது. ஜெகபர் சாதிக் வழக்கம்போலச் சுரக்குடிக்கு நெல் வாங்க வந்தார். தவணை கேட்கலாம் என்று நெய்னா முகம்மது அங்கேயே போனார். நானும் போனேன்.

அதே களம். இப்போது புல் செதுக்கி, கூட்டி, நெல் அடித்து முடித்திருந்தார்கள். ஓரத்தில் புதிதாகப் போட்ட வைக்கோல் போர். நெல்லைக் குவித்து மூட்டை கட்டியாகிவிட்டது. கருப்பையன் விளக்குமாற்றோடு குனிந்து திட்டிக்கொண்டிருந்தார்.

“எவன் போட்ட களமோ! எல்லாம் பள்ளமும் மேடுமா கெடக்கு. உள்ளார போன நெல்லு வரவே மாட்டேங்குது.”

ஜெகபர் சாதிக் களத்தின் நடுவில் நின்று, ஒரு நெல்லைக் கடித்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெய்னா முகம்மதுவின் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஏங்க, ஆகாசத்துல போறவனுக்குப் போட்ட படம் அது. அத வெச்சுக்கிட்டு சைக்கிள்ல போயி தேடுனா ஆம்புடுமா?”

நெய்னா முகம்மது பதிலுக்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. படத்தை என் கையில் கொடுத்தார், குடையைக் கக்கத்தில் இடுக்கினார், வைக்கோல் போரில் ஏற ஆரம்பித்தார்.

“அண்ணே, போரு சரியும்ண்ணே!” என்று கருப்பையன் கத்தினார்.

உச்சிக்குப் போய் நின்றார். வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் காலுக்குக் கீழே பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“தம்பி, மேல வா. எனக்குக் கண்ணு சரியில்லன்னு நெனக்கிறேன்.”

ஏறிப் பார்த்தேன். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்ட பெரிய வெள்ளை வட்டம். அதன் குறுக்கே, பள்ளங்களில் சிக்கி விளக்குமாற்றுக்கு வராத நெல், மஞ்சள் மஞ்சளாக எழுத்துகளாய்க் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் உயரம். பிரெஞ்சில் ‘காரைக்கால்’. விமானத்திலிருந்து பார்ப்பவனுக்காக ஊர்ப்பெயரைத் தரையில் எழுதி வைத்திருந்தார்கள். நடு எழுத்தின்மேல் ஜெகபர் சாதிக் நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் நவுந்துக்குங்க,” என்றார் நெய்னா முகம்மது. “எழுத்தை மறைக்கிறீங்க.”

ஜெகபர் சாதிக் நம்பவில்லை. தானே பார்க்க வேண்டும் என்றார். அவர் கனத்த ஆள். நான் மேலிருந்து இழுக்க, கருப்பையன் கீழிருந்து முட்டுக்கொடுக்க, ஏறி வந்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். பிரெஞ்சு ரசீதுகளைப் படித்துப் பழகியவர். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். கடைசி எழுத்தில் குரல் இறங்கியது.

“வருஷா வருஷம் இதுல நின்னுதானே நெல்லு வாங்குறேன்!”

“டிக்கெட்டு எடுத்தீங்களா?” என்றார் நெய்னா முகம்மது.

அதற்குள் போர் சரிந்தது. மூன்று பேரும் உட்கார்ந்த வாக்கில் வழுக்கி, விமானத் திடலில் வந்து இறங்கினோம். குடை மட்டும் விரிந்து மெதுவாகப் பின்னால் வந்தது.

தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே ஜெகபர் சாதிக் சொன்னார்: “நாளைக்குப் பரிசம் பேச வர்றோம். ஒண்ணு மட்டும் கேக்குறேன். எம்மவன் சோறு திங்கிறப்ப இந்தக் கதையச் சொல்லுவீங்களா?”

“எந்தக் கதை? ஏரோப்பிளேன் எறங்குனதா, நீங்க எறங்குனதா?”

அமீர் நிஷாவின் நிக்காஹ் மாசியில் நடந்தது. மாப்பிள்ளை இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு கதைகளையும் தினமும் கேட்கிறார். நெல் வியாபாரத்துக்கு இதுவரை கெடுதல் ஒன்றும் வரவில்லை. கருப்பையன் மட்டும் அந்த எழுத்துகளைச் சாணத்தால் அடைத்துவிட்டார். அவருக்கு நெல் முக்கியம்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சைகோனில் உங்களுக்கு உறவுக்காரர்கள் இருந்தால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குத் திடலில் நின்று விமானத்தைப் பார்த்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். நெய்னா முகம்மது புளுகவில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.