எனக்காகக் கூப்பிட்ட சாமி

சாஸ்தாவை நம்பி இங்கே கூடியிருக்கும் சொந்தங்களே, நான் சேரன்மகாதேவியில் வாழைத்தார் சுமக்கிறவன். போன ஐப்பசியில், உயிரோடு என் உடம்புக்குள்ளேயே பூட்டிக் கிடந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

காய்ச்சல் வந்து போன கொஞ்ச நாளில் பாதம் மரத்தது. மறுநாள் முழங்கால் மடங்கி, தோட்டத்திலேயே தாரோடு விழுந்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் என்றார்கள். “பலவீனம் மேலே ஏறும். மூச்சைத் தொட்டாத்தான் ஆபத்து” என்று சொன்ன டாக்டர், என் நெஞ்சில் ஒரு சென்சார் பட்டையை ஒட்டினார். மூச்சு குறைந்தால் நர்ஸ் மேசையில் சத்தம் கேட்குமாம்.

கை போனது. குரல் போனது. ஒரு மத்தியானம் இமையும் விழுந்துவிட்டது. காது மட்டும் கேட்டது. நெஞ்சின் மேல் நெல் மூட்டையை வைத்த மாதிரி ஒவ்வொரு மூச்சும் பாதியில் நின்றது. பக்கத்தில் என் மனைவி பேச்சியம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட ஒரு விரல்கூட அசையவில்லை. அவளுக்குத் தெரியாமலே செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழவும் முடியவில்லை.

“அய்யா சாஸ்தாவே, என் வாய் போச்சு. எனக்குப் பதிலா நீ கூப்பிடு” என்று உள்ளுக்குள் கதறினேன்.

மேசையில் சத்தம் கேட்டது. நர்ஸ் ஓடி வந்து, என் விரலில் மாட்டியிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆக்சிஜன் சரியாத்தான் இருக்கு. பட்டை கழண்டிருக்கும். அண்ணாச்சி அசந்து தூங்குதாவ.”

பட்டையை அழுத்தி ஒட்டி, சத்தத்தை நிறுத்திவிட்டு நடந்தார். அந்தக் காலடி விலகியபோது எல்லாம் முடிந்தது என்றே இருந்தேன். வேண்டுதலை மட்டும் விடவில்லை.

மறுபடியும் அதே சத்தம்.

“எக்கா, போவாதிய!” பேச்சியம்மாள் கத்தினாள். “இவிய தூங்கினா குறட்டை விடுவாவ. இப்போ மூச்சுச் சத்தமே இல்ல. டாக்டரக் கூட்டிட்டு வாங்க!”

டாக்டர் வந்து நெஞ்சில் கை வைத்தார். “மூச்சு மேலோட்டமா போகுது. ஆக்சிஜன் கடைசியிலதான் இறங்கும். உடனே குழாய் போடணும்.” அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

பல வாரம் இயந்திரம்தான் எனக்கு மூச்சு விட்டது. பைய விரல் அசைந்தது, பிறகு கை. இன்று கம்பு ஊன்றி நானே கோயிலுக்கு நடந்து வந்தேன்.

பட்டையைச் செய்தது மனிதர்கள்தான். குழாய் போட்டது டாக்டர்தான். ஆனால் நான் கேட்டதும் அது கத்தியதே, அதை எப்படி மறப்பேன்?

இப்போது அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கண்மூடிக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறேன். அவர்களுக்குக் கேட்கும். சொந்தங்களே, கஷ்டத்தைச் சொல்ல வாய் வராத நாளில், உள்ளுக்குள்ளேயே சொல்லுங்கள். சாஸ்தாவுக்கும் கேட்கும்.