வெள்ளைக் கையுறை போட்டவர்

பிள்ளைகளா, பெரியவளின் காலேஜ் ஃபீசுக்கு நான் ஏன் கம்பெனியில் லோன் போட்டேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

தாபோடியில் ஒருவர் பழைய நாணயக் கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, சாயம் பூசிய மீசை. தமிழில் பேசினார்; மராத்தி பேசும் இந்த ஊரில் அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. எந்த நாணயத்தையும் வெள்ளைக் கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார்.

"விரல் பட்டா மதிப்பு போயிடும் சார். பத்து வருஷம் பொறுங்க, பொண்ணு படிப்பை இதுவே பாத்துக்கும்."

அந்தக் கையுறையைப் பார்த்துத்தான் நம்பினேன். கவரில் அடைத்த பத்து ரூபாய் நினைவு நாணயங்களை, ஒன்று ஐந்நூறு ரூபாய் என்று, போனஸ் வரும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தேன்.

பத்து வருஷம் கழித்து, போன மாதம் விற்கப் போனேன். அவர் வெறுங்கையால் கவர்களை என் பக்கம் தள்ளினார்.

"இது ஊரெல்லாம் கிடக்கு சார். செலவு பண்ணிடுங்க."

"அன்னைக்குக் கையுறை போட்டீங்களே?"

"அன்னைக்கு நீங்க வாங்க வந்தீங்க" என்று சிரித்தார்.

அந்த ஒரு பதிலில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ரயில் ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு கவரைப் பல்லால் கிழித்து, அந்த நாணயத்தைக் கொடுத்து ஒரு டீ குடித்தேன். டீக்காரர் அதைப் பார்க்காமலே டப்பாவில் போட்டார்.