ஐந்தரை மணியைப் பிடுங்கித் தந்த பாக்கியம் அக்கா

2024 பெப்ரவரி 11. எனக்கு இன்று எண்பத்து நான்கு வயதும் மூன்று மாதமும்.

கந்தப்பளை பாக்கியம் அக்கா விடியற்காலையில் காலமானார். அழுகிற இமோஜிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்... அவர் ஜெயித்துவிட்டுப் போனவர்.

அறுபதுகளின் தொடக்கம். டீவி கிடையாது, ரேடியோ மட்டும்தான். பட்டம் பெற்றுத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த நான், பள்ளி விடுமுறையின்போது, கொழும்பிலிருந்து வந்த வானொலி அதிகாரி ஒருவருக்கு நேயர் சர்வேயில் உதவினேன்.

வயதாலும் வர்க்கத்தாலும் நேயர்களைக் கூறு போட்டிருந்தார்கள். முதியோருக்கு விடியலில் பக்தி, சிறுவருக்கு ஞாயிறு, படித்த குடும்பங்களுக்கு மாலை ஐந்தரை. தோட்டத் தொழிலாளருக்கு... வேலைநாளில் காலை பத்து மணி!

அந்தப் பத்து மணிக்கு அதிகாரி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தார். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு, "இந்தச் சனத்துக்கு ரேடியோவில விருப்பமில்லைப் போல" என்றார்.

அவரை மலைக்கு அழைத்துச் சென்றேன். தோளில் டேப் ரெக்கார்டருடன் மூச்சிரைக்க ஏறினார்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவின் கூடைக்குள் பாட்டு கேட்டது. தம்பி வாங்கித் தந்த டிரான்சிஸ்டர்.

"ஏ புள்ள, கூடையில என்னா பாடுது?" என்று கங்காணி அதட்டினார்.

"கொழுந்துதாங்க கங்காணி. எளங்கொழுந்து, நல்லாப் பாடும்."

பாட்டு முடிந்தது. "வேலை முடிந்து வீட்டில் இளைப்பாறும் தோட்டச் சகோதரிகளே..." என்றது கூடை.

மலை முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

வேலை நேரத்தில் ரேடியோ என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்தால் பத்துச்சீட்டுதான். வேலையும் போகும், லயத்து அறையும் போகும். அக்கா அதற்காக வாயை மூடவில்லை.

"பத்து மணிக்கு லயத்துல கோழிதாங்க இருக்கு. அதுக்கா நடத்துறீங்க? கொழுந்த எட போட்டுட்டு, தேத்தண்ணி குடிச்ச பொறகு வைங்க. அஞ்சரைக்கு."

"அது படிச்ச குடும்பங்களுக்குரிய நேரம்."

"அவங்க வீட்டுலதான் ராத்திரி முழுக்க லைட்டு எரியுதே! கொஞ்சம் பொறுத்துக் கேக்கட்டும்."

விடைபெறும் முன் அதிகாரி அக்காவைத் தேயிலைச் செடிகளுக்கு அப்பால் அழைத்துப் பேசினார். நான் பாராதவள்போல் நின்றேன்.

அடுத்த மாதம்... ஐந்தரை மணி எங்களுடையது! படித்த குடும்பங்கள் எட்டு மணிக்குத் தள்ளப்பட்டன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

நிகழ்ச்சி தினமும் ஒரு பெண் குரலோடு தொடங்கும்: "வந்துட்டீங்களா? காலக் கழுவிட்டு உக்காருங்க. இது நம்ம நேரம்."

யார் அந்தப் பெண் என்று லயத்தில் பட்டிமன்றமே நடந்தது. "கொழும்பு நாடகக்காரி. நம்ம ஆளுக மாதிரி பேசிப் பழகியிருக்கா" என்று தீர்ப்பளித்தார் தோட்டத்து கிளாக்கரின் மனைவி கிளாக்கரம்மா.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என் கையைக் கிள்ளினார். "சொல்லிப்புடாதீங்க டீச்சர். தொரை காதுக்குப் போயிரும்... சண்டையும் நல்லாத்தான் இருக்கு."

துரை கப்பலேறிப் போன பிறகும், சண்டைக்காகவே நான் வாய் திறக்கவில்லை.

போயிட்டு வாங்கக்கா. இனி உங்களுக்குப் பத்துச்சீட்டு கொடுக்க எவனாலும் முடியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குரல் உங்களுடையது.