கோணிச் சாக்கில் படித்த தட்டடவு

கோணிச் சாக்கின் நார் உள்ளங்காலில் குத்தும்... பழைய அரிசித் தூசி மூக்கில் ஏறும். பரதநாட்டியம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சலங்கையும் இல்லை, மல்லிகைப் பூவும் இல்லை. அந்தச் சாக்குதான்.

எண்பதுகளின் மாட்டுங்கா. எங்கள் பில்டிங்கின் இரண்டாவது மாடியில் ஞானாம்பா டீச்சர் நாட்டியம் சொல்லிக்கொடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கம் பரம்பரையாக நட்டுவாங்கம் செய்த குடும்பம். கணவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததால் பம்பாய் வந்தவர். ஹாலில் இருந்த ஒரே சோபாவையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, நாங்கள் ஆட இடம் செய்து வைத்திருந்தார்.

டீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் வருஷம் முழுக்கத் தட்டடவுதான். பாதம் முழுசாகத் தரையில் விழ வேண்டும். அந்தச் சத்தமும் அவர் கோலால் கட்டையில் தட்டும் சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து... கை, கண், அபிநயம் எல்லாம் அப்புறம்.

நேர் கீழ் வீட்டில், பில்டிங்காரர்கள் சங்கமான சொசைட்டிக்குச் செக்ரட்டரியாக இருந்த மாமா. ஒரு நாள் மேலே ஏறி வந்தார்.

"டீச்சர், ஆபீஸ்லேர்ந்து வந்து செத்த நேரம் கண்ண மூட முடியலே. சீலிங்கே அதிர்றது. கொழந்தைகள மெதுவா ஆடச் சொல்லுங்கோ."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். மறுநாளே மார்க்கெட்டிலிருந்து கோணிச் சாக்குகள் வாங்கி வந்து மடித்து மடித்து விரித்தார். தன் கட்டையையும் ஒரு பழைய டவலில் சுற்றிக்கொண்டார். அப்படியும் மாமா வந்துகொண்டே இருந்தார். யார் காலிலாவது சத்தம் வந்தால் டீச்சரே பதறிப்போய் உதட்டில் விரலை வைப்பார்.

இதே மாமாதான் கணபதி பந்தலில் பொழுது விடிந்தால் பொழுது போனால் லவுட்ஸ்பீக்கரை அலறவிடுவார். அப்போது மட்டும் எந்த சீலிங்கும் அதிராது!

அந்த வருஷம் சபா ஆண்டு விழாவில் எங்களுக்கு ஒரு சான்ஸ் கிடைத்தது. டீச்சருக்கு அது பெரிய விஷயம். நன்றாக நடந்தால் பெயர் வெளியே தெரியும், பிள்ளைகள் வருவார்கள், கிளாஸ் நிலைக்கும்.

மரப்பலகை மேடை. முதல் அடி விழுந்ததும் 'டம்' என்று ஒரு சத்தம்...

வரிசையாக எல்லோரும் காலை இழுத்துக்கொண்டோம்.

யாரும் சொல்லிக்கொடுத்து அப்படிச் செய்யவில்லை. சத்தம் வந்தாலே தப்பு என்று உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. அதன் பிறகு பூனை மாதிரிதான் ஆடினோம். தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நட்டுவாங்கத்துக்கு உட்கார்ந்திருந்த டீச்சரின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

முடிந்ததும் மைக்கைப் பிடித்தது யார் தெரியுமா? செக்ரட்டரி மாமா. சபா கமிட்டியிலும் அவர்தான்.

"கொழந்தைகள் முகத்துல களை இருக்கு. ஆனா கால்ல பலமே இல்லே. அஸ்திவாரம் சரியாப் போடலேன்னு தெரியறது. டீச்சர் இன்னும் கொஞ்சம் சிரத்தை எடுத்துண்டிருக்கலாம்."

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அம்மா எழுந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பியவளின் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. பிள்ளைங்க மேடையில நிக்கிது. சாக்கு விரிச்சது நான்தானே. அப்பவே வேற எடம் பாத்திருக்கணும்."

கொஞ்ச நாளில் ஒவ்வொரு பெண்ணாக நின்றுவிட்டார்கள். அப்புறம் சொசைட்டியில் மீட்டிங் மேல் மீட்டிங். குடும்பங்கள் இருக்கிற இடத்தில் கிளாஸ் நடத்தக் கூடாது என்று முடிவாயிற்று. மாமாவின் பேச்சைக் கேட்டு யார் யார் கை தூக்கினார்கள் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டீச்சருக்கு இடம் கொடுத்தது தாராவி. எங்கள் சலங்கைக்குத் தோல் பட்டை வெட்டித் தரும் மைதீன் பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை அவர் பட்டறைக்கு லீவு. மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கடப்பாக்கல் தரையைக் கழுவி வைத்திருந்தார்.

தாராவிக்கா, அந்தத் தோல் நாற்றத்திலா என்று மாட்டுங்காவில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏதோ நாலைந்து பேர்தான் போனோம். அம்மா என்னை ஸ்கூலிலிருந்து நேரே அழைத்துப் போவாள்.

முதல் நாள் அந்தக் கல் தரையிலும் நாங்கள் நுனிக்காலில்தான் ஆடினோம். வாசலில் நின்ற பாய் சிரித்துவிட்டார்.

"என்ன தாயி, இப்படிப் பயந்து பயந்து மிதிக்கிய? நல்லா மிதிங்க. கீழ வெறும் மண்ணுதான் கெடக்கு."

டீச்சர் கட்டையிலிருந்து டவலை அவிழ்த்தார். மறுபடியும் தட்டடவு. ஆடிப் பழகியவர்களுக்கு முதல் பாடத்திலிருந்து... குதிகால் வீங்கியது, அழுதோம். அவர் விடவில்லை. பல மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் காலும் அவர் கட்டையும் ஒரே சத்தமாகக் கேட்டன. டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் பம்பாயை அடுத்த நெருளில் கிளாஸ் எடுக்கிறேன். டீச்சரும் இல்லை, செக்ரட்டரி மாமாவும் இல்லை. நேற்று பழைய பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் மாமாவின் பையன் ஒரு மெசேஜ் போட்டிருந்தான். நம் பில்டிங் கலையை வளர்த்த பில்டிங்காம். ஞானாம்பா டீச்சர் இங்கேதான் ஆரம்பித்தாராம். அவருக்கு எல்லா சப்போர்ட்டும் கொடுத்தது அவன் அப்பாவாம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

நடந்ததை எழுதினேன். எதுக்கு இப்போ பழசெல்லாம் கிளறணும், பாசிட்டிவா இருப்போமே என்று பதில் வந்தது.

"டீச்சருக்குக் கால் சொல்லித்தரத் தெரியலேன்னு உங்கப்பா மைக்ல சொன்னார். அது தப்புன்னு ஒரே ஒரு வரி போடு. போறும்" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

அன்று டீச்சரை வெளியே அனுப்ப அவர்களுக்கு அத்தனை மீட்டிங் தேவைப்பட்டது. இன்று ஒரு விரல் போதுமாயிருக்கிறது. பரவாயில்லை... அந்த பில்டிங்கிலிருந்து வெளியே போன முதல் நாட்டியக்காரி நான் இல்லை.

அந்த ஒரு வரியை அவன் போட மாட்டான். நான் இங்கே போடுகிறேன்.

ஞானாம்பா டீச்சருக்குக் கால் சொல்லித்தரத் தெரியும்.