மில்கள் நின்ற நாளின் காந்த வளையம்

"பொண்ணு தெனம் பஸ்லதான் தஞ்சாவூர் போய் வருது போலருக்கு. காலம் கெட்டுக் கெடக்குது, பாத்துக்குங்க சார்."

வரப்பில் நின்று அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பண்ணையின் காரியஸ்தர் இப்படிச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அப்போது நீடாமங்கலம் பக்கம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். உச்சவரம்புக்கு மேல் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று அளந்து எழுதும் வேலை. ஒரே பண்ணையின் நிலம் மச்சான் பெயரிலும் சமையல்காரர் பெயரிலும் பட்டாவாகிக் கிடந்த காலம் அது. காரியஸ்தர் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாயங்கால பஸ் வரும்வரை எனக்குக் காபிகூட இறங்கவில்லை.

மகள் தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் அவளுடைய ஃபெரைட் வளையங்கள்தான். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வளையங்கள், கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும். அவள் அம்மாவின் கோணி ஊசியில் மெல்லிய செம்புக் கம்பியைக் கோத்து, வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டிருப்பாள். கம்பியில் மின்சாரம் விட்டால் வளையம் காந்தமாகும். அது எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதை ஆசிலாஸ்கோப் திரையில் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அதுதான் அவள் ஆய்வு.

குறுவை அறுப்புக் கூலி தொடர்பாகத் தகராறு முற்றி வேலைநிறுத்தம் வந்தது. வயலில் ஆள் இறங்கவில்லை. அரிசி மில் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் தடுத்தும் அவள் கிளம்பினாள். ஆசிலாஸ்கோப் மறுநாள் வேறு மாணவர் கைக்குப் போய்விடுமாம். "மத்தியானமே வந்துடுறேம்பா."

மத்தியானம் வரவில்லை. தஞ்சாவூர் சாலையில் மறியல், ஒரு பஸ்மேல் கல் விழுந்தது என்று ஆபீஸ் பியூன் வந்து சொன்னார். கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டேன். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. வீட்டுக்கு ஓடினால் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னும் என்ன யோசனை? ஊர் நெலத்தை அளந்தது போதும். போய்ப் புள்ளையப் பாருங்க."

பஸ் இல்லை, பாசஞ்சர் ரயில் இருந்தது. வழியெல்லாம் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லை. ஒரு மோட்டார் சத்தமும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எதிரே வரும் வண்டியின் ஜன்னல்களில் அவள் முகத்தைத் தேடினேன். காரியஸ்தரின் சிரிப்பு மட்டும் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் பீடியை மறைத்துக்கொண்டு எழுந்தார். "பிசிக்ஸ் பொண்ணுங்களா? மாடியில இருக்குங்க. எல்லாரும் போயாச்சு, அது மட்டும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்குதுங்க. வெளிச்சமே காணோம்."

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஆய்வகத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே இருந்து அவள் அலறினாள்: "தொறக்காதீங்க! தயவுசெஞ்சு தொறக்காதீங்க!"

தோளால் இடித்துத் திறந்தேன்.

மாலை வெயில் என்னோடு உள்ளே பாய்ந்தது. மேசைமேல் பச்சைத் திரை, அதற்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு கேமரா, அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி என் மகள். வேறு யாரும் இல்லை.

"அப்பா! படத்தைக் கெடுத்துட்டீங்களே! கடைசி ரீல்பா இது!"

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்க நினைத்தேன், அழுகைதான் வந்தது. அவள் பயந்துபோய்க் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மறியல் பற்றி அவளுக்குத் தெரிந்தேயிருக்கவில்லை.

"மத்தியானம் ஏம்மா வரல?"

"இன்னைக்கு மாதிரி கரண்ட் என்னைக்குப்பா இருந்திருக்கு? இங்க பாருங்க." வோல்ட்மீட்டரைக் காட்டினாள். முள் அசையாமல் நின்றது. "தெனமும் மில் ஓடும், வயல் மோட்டார் ஓடும், வோல்டேஜ் ஏறி எறங்கும். திரையில தெரியுற கோட்டு வளையம் மூச்சு வாங்குற மாதிரி பெருசாகும், சின்னதாகும். படம் எடுத்தா கோடு தடிச்சுப் போயிடும். இன்னைக்குத்தான் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

எந்த வேலைநிறுத்தம் என்னை இந்தப் பாடு படுத்தியதோ, அதுதான் அவளுக்கு நல்ல மின்சாரம் கொடுத்திருந்தது.

கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகினாள். இருட்டில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் அகன்று, சாய்ந்த ஓர் இலை போல இருந்தது.

"ஏறுற வழி வேற, எறங்குற வழி வேறப்பா. கரண்ட் முழுசா நின்னாலும் காந்தம் கொஞ்சம் உள்ள தங்கிடும். அதைப் போக்க எதிர்ப்பக்கமாக் கரண்ட் விடணும். நடுவுல இருக்குற எடம்தான் வீணாப் போற சக்தி. படத்தைக் கிராஃப் தாள்ல வச்சு அளக்கணும், நீங்க வயலை அளக்குற மாதிரி. இதுக்குப் பினாமி கெடையாது, அவ்வளவுதான்."

அன்று முதல் முறையாகச் சிரித்தேன்.

"ஃபிலிம்ல இன்னும் ஒண்ணுதான் மிச்சம். இந்தத் தடவை கதவை நீங்களே புடிச்சுக்குங்க. நீங்க இடிச்சதுல தாழ்ப்பாள் போச்சு, காத்துல தொறந்துக்குது. யாரு வந்தாலும் விடாதீங்க."

"நான் வந்தா?"

"நீங்கதான் உள்ள இருக்கீங்களே!"

கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவள் பொத்தானை அழுத்தி, வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். திரையின் பச்சை வெளிச்சத்தில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். கேமரா 'டிக்' என்றது.

"எடுத்தாச்சுப்பா."

விளக்கைப் போடப் போனவள் அப்படியே நின்றாள். திரையில் வளையம் மெல்லச் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. வோல்ட்மீட்டர் முள் சரிந்தது. "ஐயோ, எறங்குதே. நல்லவேளை!"

ஜன்னல் துணியை விலக்கினேன். ரயிலடிப் பக்கம் ஒரு மில்லின் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியிருந்தது. ஊறப்போட்ட நெல் அழுகுமுன் அவிக்கத் தொடங்கியிருப்பார்கள். அப்படியானால் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது.

"பஸ் ஓடும், வா" என்றேன்.

ஓடத்தான் செய்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மகளின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் திட்டினாள்.

காரியஸ்தர் மிரட்டினாரா, அக்கறையில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் இப்போதும் அதே கல்லூரிக்கு, பாடம் நடத்த, அதே பஸ்ஸில்தான் போகிறாள். பஸ் தாமதமானால் இப்போதும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். ஆனால் சாயங்காலம் எங்கள் வீட்டு விளக்கு மங்கி மங்கி எரியும்போது பக்கத்து வீட்டுக்காரர் மின்சாரத் துறையைத் திட்டுவார். நான் திட்டுவதில்லை. எங்கோ மில் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பஸ்ஸும் ஓடும் என்று காபியைக் குடித்து முடிக்கிறேன்.