பியட்றிஸ் ஆன்ட்டி எங்கே நிறுத்தினார்

ஹந்தானை வீதியில் அந்த வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த அன்று, வீட்டுக்கார அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். பதில் சொன்னவர் அவருடைய கணவர் கிறகரி அங்கிள்.

"வெட்டாமலே பழத்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ற வேல, மகள்."

"பழமில்ல, உடம்பு," என்றார் பியட்றிஸ் ஆன்ட்டி, மேசையில் இருந்த தூரியனுக்குப் பின்னாலிருந்து. "பல பக்கத்துல எடுத்த எக்ஸ்ரேய ஒண்ணாச் சேத்து, கணக்குப் போட்டு, உள்ள இருக்கிறத வரையிறது."

"அப்ப ஆன்ட்டி வாங்குற தூரியன் எல்லாம் நல்லதா இருக்குமே?"

"நீ வேற! இவ வாங்குனதுல பாதி அழுகல்."

"எக்ஸ்ரே எடுக்காம வாங்குனா அப்படித்தான்," என்றபடி ஆன்ட்டி பழத்தைப் பிளந்தார். அதுவும் அழுகல்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிளாக்கர் ஒருவரின் மகள் அவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கிறார். பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கண்களை மூடிக்கொள்வார். அது பக்தி என்று பங்குத்தந்தை நம்புகிறார். சோறு அடிப்பிடிக்கும் நாட்களில் ஆராய்ச்சி நன்றாக நடக்கிறது என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

ஸ்கேன் எடுக்கும்போது எக்ஸ்ரே உடம்பைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து பாய்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆகாது. சில கோணங்களை மட்டும் வைத்து முழுப் படத்தையும் மீட்பதுதான் ஆன்ட்டியின் வாழ்நாள் கணக்கு. அந்தக் கணக்கைக் கணினியில் சுற்றுச் சுற்றாக ஓட்டவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் படம் தெளியும். அளவு மீறினால் புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போகும்.

"பால் பொங்குறதுக்கு முன்ன அடுப்ப நிப்பாட்டுற கணக்கு," என்பார் அங்கிள். "வீட்டுல மட்டும் பொங்கிரும்."

சென்ற வருடம், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஸுமைரா வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளின் ஸ்கேன்களில் இந்த முறையைப் பயன்படுத்த அவருக்கு ஆசை. குடித்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"எந்தச் சுத்துல நிப்பாட்டணும்ண்டு உங்களுக்கு எப்பிடி விளங்குது, மேடம்?"

"படம் சரியா வந்ததும்."

"சரிண்டு எப்பிடி விளங்கும்?"

அதுவரை ஆன்ட்டி சோதித்ததெல்லாம் தானே வரைந்த படங்களில். திரையில் ஒரு பக்கம் கணக்கு ஓடும், மறுபக்கம் சரியான படம் இருக்கும். கண் அதைப் பார்க்க, கை நிறுத்தியது. ஆஸ்பத்திரியில் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. முந்தி நிறுத்தினால் இருக்கிற கட்டி மறைந்துபோகலாம். பிந்தினால் இல்லாத கட்டி முளைக்கலாம்.

"கொஞ்சம் பொறுங்க டொக்டர்," என்று அவரை அனுப்பிவைத்தார்.

"கேள்வியும் நீ, விடையும் நீ, மார்க் போடுறதும் நீ," என்றார் அங்கிள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. அங்கிள் எழுந்து போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அதற்கு முன் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

பல மாதங்கள் சோறு அடிப்பிடித்தது. கடைசியில், சரியான படத்தைப் பார்க்காமலே நிறுத்தும் இடத்தைக் காட்டும் விதியொன்று கிடைத்தது. பழைய படங்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்தது. ஆன்ட்டி நம்பவில்லை.

"வரஞ்சதே நான்தானே? உள்ள என்னன்னு எனக்குத் தெரியும். இந்த விதி பிழையாப் போனா, இத்தன வருஷமும் நான் அழகான படம் வரஞ்சிருக்கேன். அவ்வளவுதான்."

ஒரு சனிக்கிழமை என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். அடுப்பில் ஒரு சட்டி நிறைய மெழுகுதிரி உருகிக்கொண்டிருந்தது. அது இறுகியதும், பொறியியல் பீடத்து நண்பர் ஒருவர் தம் சிறிய எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துச் சில கோணங்களில் படம் எடுத்துத் தருவாராம்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றார் அங்கிள், வாசலில் நின்று.

"உங்ககிட்ட ரகசியம் சொன்னா, மணிக்கூட்டுக் கோபுரத்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நீங்க கடைக்குப் போங்க."

பிறகு கரண்டியை என் கையில் தந்தார்.

"மகள், நீ பேசுறதே குறைவு. அதனாலதான் கேக்குறேன். நான் வெளிய போனதும் இதுக்குள்ள எதையாச்சும் போடு. ஒண்ணு போடு, பத்துப் போடு, ஒண்ணுமே போடாமலும் விடு. விதி சொல்ற சுத்துல நிப்பாட்டி, உள்ள என்ன இருக்குன்னு நான் எழுதித் தர்ற வரைக்கும் சொல்லாத. கெஞ்சினாலும் சொல்லாத. நான் கெஞ்சுவேன்."