செத்தவரை ஏசலாமா

துட்டி வீட்டுக்குப் போகிறவள் அழ வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி வீடு என்றுதான் பெயர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருக்கிற பெண்கள் எழுந்து வருவார்கள். வந்தவளும் கையை விரித்துக்கொண்டு போய்க் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழ வேண்டும். எப்படி நடந்தது, எப்போது நடந்தது என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நானோ துட்டி வீட்டுக்குப் போவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள். கொலை, விபத்து, ஆற்றோடு போனது என்று திடுதிப்பென ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மனநல ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருக்கிறது. போன இடத்தில் நீ அழக்கூடாது, அவர்கள் அழுவதற்கு இடம் கொடு என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர்கூட அம்பாசமுத்திரம் பஸ் ஏறி ஒரு துட்டி வீட்டு வாசலில் போய் நின்றிருக்க மாட்டார்.

அந்த விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். இறந்தவரின் அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் பயிற்சியை நினைத்துக்கொண்டு கும்பிட்டு, "உட்காருங்கம்மா" என்றேன். விரித்த கை விரித்தபடி நின்றது.

"யாரு இவ? துட்டி கேக்க வந்துட்டு அழவும் மாட்டேங்கா, நம்ம வீட்டுல நம்மளையே உக்காரச் சொல்லுதா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு சிரிப்பு. இறந்தவர் மில் தொழிலாளி, நாற்பதைத் தாண்டியவர். டீக்கடை முன்னால் இரண்டு பேர் சண்டை போட, விலக்கி விடப் போனவர் மேல் கத்தி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஊரே அவரைத் தெய்வம் என்றது. காரியத்தன்று தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஸ்டூடியோக்காரர் தன் கைவரிசையைக் காட்டி அவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். அதைப் பார்த்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவும் இல்லை. சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியிருக்கிறார்.

"கோட்டி பிடிச்சிருச்சு" என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பெயர். கோட்டி பிடித்தவளிடம் பொம்பளைப் பிள்ளையை விட்டு வைப்பதா? ஆறாம் வகுப்புப் படிக்கிற மகளைத் திருச்செந்தூரில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்ப்பதென்று அந்த அக்கா முடிவு செய்துவிட்டார். பயந்துபோன பிள்ளை பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி அழ, அவர் எங்கள் ஆலோசனை மையத்துக்குப் போன் செய்தார்.

இரண்டு முறை போனேன். அந்தப் பெண் மாலை போட்ட படத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எதைக் கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் போலீஸ்காரர் மாதிரி அக்கா உட்கார்ந்திருந்தார். பொறுமைக்குப் பேர்போன தொழிலில் இருக்கிற எனக்குப் பொறுமை கிடையாது. கடுகடுவென்று வீடு திரும்பினால், அங்கே எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்கார அம்மா, துட்டி வீட்டுக்குப் போனவள் குளிக்காமல் படியேறக் கூடாதென்று கொல்லைக் குழாயடியில் வாளியோடு நிற்பார். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஜலதோஷம் விட்டதில்லை.

மூன்றாவது முறை போனபோது வாசலில் கார் நின்றது. பிள்ளை தலைசீவி, தோளில் பையோடு, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். பயிற்சியில் சொன்னது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதிலும் அதே கோட்டு.

"இந்தக் கோட்டு அவரோடதுதானாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை முறைத்தார். அந்தப் பெண் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கோட்டா? அவியளா? கல்யாணத்துக்கு எடுத்த பேண்டையே இடுப்புல கயித்தக் கட்டித்தான் போட்டாவ" என்றார். அதோடு மடை திறந்துகொண்டது. "ஈரத்துண்ட மெத்தையில போடாதீயன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். பாபநாசம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் புரோட்டா தின்னுட்டு வரும் அந்த மனுசன். நெத்தியில துன்னூறு மட்டும் பட்டையா இருக்கும். எங்க சண்டைன்னாலும் மொத ஆளா நடுவுல போயி நிக்கும். ஏன் போனீயன்னா, நம்ம போகலேன்னா யாரு போவாங்கும். யாரும் போகாண்டாமே. நான் என்ன நாட்டாமைக்கா வாக்கப்பட்டேன்?"

"செத்தவன ஏசுதியே, நீ உருப்படுவியா?" என்று அக்கா எழுந்துவிட்டார்.

"எல்லாரும் தெய்வம்ங்கிய, மைனி. தெய்வத்தோடயா நான் குடும்பம் நடத்துனேன்? எனக்குத் தெரிஞ்ச ஆளு எங்க போனாவன்னே தெரியலயே."

அக்காவைக் கைப்பிடித்து உட்கார வைத்து, "நீங்கதானே தூக்கி வளத்தீங்க, சின்ன வயசுல எப்படி இருந்தார்?" என்று கேட்டேன்.

"தங்கமான பய" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். படத்தைப் பார்த்தார். "ஒருநா ரெண்டு கெடா முட்டிக்கிட்டு நின்னுச்சு" என்றார் மெதுவாக. "சண்ட போடாதீய, சண்ட போடாதீயன்னு சொல்லிக்கிட்டே இவன் நடுவுல போயிட்டான். அது ரெண்டும் சமாதானமாயி இவனச் சேந்து முட்டிருச்சு. நேரா வாய்க்காலுக்குள்ள போயி விழுந்தான். எத்தன நாளைக்குக் குப்புறப் படுத்துக் கெடந்தான்."

முதலில் சிரித்தது பிள்ளை. அடுத்து அம்மா. அக்கா அடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, இனி மூன்று பேருக்கும் சேர்த்தே மந்திரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. "மூதி, அன்னைக்கே புத்தி வந்திருக்கக் கூடாதா" என்று அக்கா படத்தைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பெண் நகர்ந்து வந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கணவர் இறந்த பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளை தோளில் பையை ஏற்றிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை அவளையும், மடியில் கிடந்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"என் வீட்டுக்கு வந்தா இவளுக்கு அப்பன் தெய்வமாத்தான் இருப்பான். அங்க ஒருத்தரும் அவனப் பத்திக் குத்தங்குறை சொல்ல மாட்டோம். அவன் எப்பேர்ப்பட்ட கோட்டிக்காரப் பயன்னு இவளுக்கு நீதான் சொல்லணும். ஏட்டி, அந்தப் பையக் கொண்டுபோயி உள்ள வையி."